விலங்குகள் எப்படித் தோன்றின? சேலத்தில் இருந்துகொண்டே படிக்கத் தொடங்க ஒரு வழி

விலங்குகளின் தோற்றத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் டைனோசரில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். டைனோசர் வந்த காலத்தில் வாய், குடல், கண், கால், முதுகெலும்பு எல்லாம் உருவாகி எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. நாம் பிடிக்க வேண்டிய கேள்வி அதற்கு வெகு முன்னால் இருக்கிறது. தனித்தனியாகப் பிழைத்துக்கொண்டிருந்த செல்கள் எப்படி ஒரே உடம்பாகச் சேர்ந்து வாழப் பழகின? இதைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த துளையுடலி, குழியுடலி எல்லாம் அர்த்தத்தோடு திரும்பி வரும்.

பெரிய செலவு எதுவும் இல்லை. மூடியோடு இரண்டு மூன்று பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு கை லென்ஸ், ஒரு நோட்டு, ஏற்காட்டுக்கு ஒருமுறை பஸ் டிக்கெட். முடிந்தால் மடித்து வைக்கிற காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சுமார் 140 மடங்கு பெரிதாகக் காட்டும். முதல் மாதத்துக்கு லென்ஸே போதும்.

முதலில் மலைப்பாதையில் காலத்தை அளந்துகொள்ளுங்கள்

54 கோடி ஆண்டு என்று படித்தால் மனசில் ஒன்றும் நிற்காது. எனக்கும் நிற்கவில்லை, மலைப்பாதையில் வைத்துப் பார்த்த பிறகுதான் நின்றது. சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தை பூமி உருவான நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 454 கோடி ஆண்டுகளுக்கு முன். 20-வது வளைவு இன்றைக்கு. அப்படியானால் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குப் போகும்போது கிட்டத்தட்ட 22.7 கோடி ஆண்டு கடக்கிறீர்கள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்காருங்கள், வளைவை எண்ணிக்கொண்டே வாருங்கள்.

5-வது வளைவு வருவதற்குச் சற்று முன் உயிரின் உறுதியான பழைய தடயங்கள் வருகின்றன, ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் சுமார் 348 கோடி ஆண்டுப் பாறைகளில் நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டிய ஸ்ட்ரோமடோலைட்டுகள். 9-வது வளைவு நமக்கு முக்கியம், ஏனென்றால் நீங்கள் ஏறிக்கொண்டிருக்கிற சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை, நாம் கருங்கல் என்று சொல்கிறோமே அதுதான், சுமார் 250 கோடி ஆண்டு பழையது. அதாவது அந்த வளைவு நேரத்தில் உருவானது. அதைத் தாண்டி கொஞ்ச தூரத்திலேயே காற்றில் முதன்முதலாக ஆக்சிஜன் சேர ஆரம்பிக்கிறது. 13-வது வளைவை நெருங்கும்போது உட்கரு உள்ள செல்களின் புதைபடிவங்கள் வந்திருக்கும்.

அப்புறம் வளைவு மேல் வளைவாகப் போய்க்கொண்டே இருக்கும், விலங்கு வராது. இந்தக் காத்திருப்பை உணர்வதற்காகத்தான் பஸ்ஸில் போகச் சொல்கிறேன். 17-வது வளைவை ஒட்டி, 71.7 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமி ஏறக்குறைய முழுவதும் பனியால் மூடிப்போகிறது, இடையில் ஒருமுறை விலகி மறுபடியும் மூடி, 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் கடைசியாக உருகுகிறது. 17-க்கும் 18-க்கும் நடுவே, ஒரே ஒரு வளைவின் இடைவெளிக்குள், கண்ணால் பார்க்கக்கூடிய பெரிய உடம்புகளும், ஊர்ந்த தடங்களும், ஓடுகளும், கண்களும் வந்துவிடுகின்றன. டைனோசர் 19-வது வளைவில். மனிதன்? ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் அரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நம் இனத்தின் மூன்று லட்சம் ஆண்டு கடைசி இரண்டடியில் அடங்கிவிடும்.

இதை நோட்டில் ஒரு கோடாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்தப் பெயரைப் படித்தாலும் முதலில் அது எத்தனாவது வளைவு என்று குறியுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே போய்விடும்.

இங்கே பாறையை உடைக்காதீர்கள்

ஏற்காட்டிலோ சேலத்துக் கரடுகளிலோ பழைய விலங்குகளின் படிவம் கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிடைக்காது. விலங்கு தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே உருவான பாறை இது, அதோடு பூமிக்குள் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியது. சுத்தியலை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். படிவங்களைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அரியலூர்ப் பக்கம் ஒரு நாள் போய் வரலாம், வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் அவை கிரெட்டேசியஸ் காலத்துக் கடலின் எச்சங்கள், நம் கணக்கில் 19-வது வளைவும் தாண்டியவை. பார்க்க அருமையாக இருக்கும், தொடக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

தொடக்கத்தைப் பற்றிச் சொல்கிறவை இன்றைக்கும் நம் கிணற்றிலும் ஏரியிலும் உயிரோடு இருக்கின்றன.

பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். சாக்கடை கலக்காத, பாசி நிறைந்த, ஓடாத தண்ணீர் வேண்டும். விவசாயக் கிணறு, தோட்டத்துத் தொட்டி, ஏரியின் ஓரத்தில் வேலம்பாசி மண்டிக் கிடக்கும் இடம். இடத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு கிணற்றில் நான் முதல்முறை பாசி அள்ளியபோது அந்தத் தோட்டத்துப் பெரியம்மா மேலே நின்று, "என்ன கண்ணு, மீனா புடிக்கிற?" என்று கேட்டார். "இல்லீங்க பெரியம்மா, பாசிதான்" என்றேன். "பாசில என்ன இருக்குது" என்றவரை அடுத்த வாரம் பாட்டிலோடு போய் உட்கார வைத்து லென்ஸைக் கொடுத்தேன். அரை மணி நேரம் லென்ஸைத் திருப்பித் தரவில்லை.

பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர், ஒரு கைப்பிடி பாசி, அவ்வளவுதான். திணித்து அடைக்காதீர்கள், அழுகி நாறும். மூடியைத் திறந்து, நேர் வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் வைத்து, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். தண்ணீர் குறைந்தால் அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். என் முதல் பாட்டிலில் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன், அதிலிருந்த குளோரினால் மறுநாள் காலையில் எல்லாம் செத்துக் கிடந்தன. ரொம்ப வருத்தமாக இருந்தது.

மறுநாள் அல்லது அதற்கு மறுநாள், வெளிச்சம் வருகிற பக்கத்துக் கண்ணாடியில், அரை சென்டிமீட்டர் நூல் ஒன்று ஒட்டிக்கொண்டு, நுனியில் ஐந்தாறு மெல்லிய இழைகளை விரித்துத் தொங்குகிறதா என்று தேடுங்கள். பாட்டிலை லேசாகத் தட்டினால் சுருங்கிப் புள்ளியாகிவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நீளும். அதுதான் ஹைட்ரா, பாடப்புத்தகத்தில் படித்த குழியுடலிகளில் ஒன்று. எல்லாப் பாட்டிலிலும் கிடைக்காது, நாலைந்து இடத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், வெயில் குறைந்த மாதங்களில் வாய்ப்பு அதிகம்.

கிடைத்துவிட்டால் அவசரப்படாமல் பாருங்கள். இதன் உடம்பில் இரண்டே செல் அடுக்குகள், நடுவில் கூழ் போல ஒரு படலம். மூளை இல்லை, நரம்புகள் வலை மாதிரி உடம்பெங்கும் பரவியிருக்கின்றன. சாப்பிடுவதும் கழிவை வெளியேற்றுவதும் ஒரே வாய் வழியாக. தத்தித் தத்தி நீந்துகிற சின்னத் தண்ணீர்ப் பூச்சி ஒன்று இழையில் பட்டதும் அப்படியே செயலற்றுப் போவதைப் பார்ப்பீர்கள், அந்த இழையில் இருப்பவை கொட்டும் செல்கள், ஜெல்லிமீனிடம் இருப்பதும் அதே வகைதான். நன்றாகச் சாப்பிட்ட ஹைட்ராவின் பக்கவாட்டில் ஒரு மொட்டு வரும், சில நாளில் அதற்கும் இழைகள் முளைத்துத் தாயை விட்டுப் பிரியும். 1740-களில் ஆபிரகாம் டிரெம்ப்ளே என்பவர் ஹாலந்தில் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இதைத்தான் பாட்டிலில் வளர்த்தார். இது செடியா விலங்கா என்று சந்தேகப்பட்டு இரண்டாக வெட்டினார், இரண்டு துண்டும் முழு ஹைட்ராவாக வளர்ந்துவிட்டன.

அதே பாட்டிலில் கண்ணாடியின் மேல் வழுக்கிக்கொண்டு போகிற தட்டையான சின்னப் புழு இருந்தால் அதையும் விடாதீர்கள். முன்பக்கம் இரண்டு கண்புள்ளி தெரியும். ஹைட்ராவுக்கு மேல் கீழ் மட்டும்தான் உண்டு, இதற்கு முன் பின், இடம் வலம் எல்லாம் உண்டு, ஒரு திசையை நோக்கிப் போகிற உடம்பு. அடியில் மண்ணில் நெளிகிற மெல்லிய சிவப்புப் புழுவில் வாயில் தொடங்கி மறுமுனை வரை ஒரே குழாயாகக் குடல் ஓடுவது லென்ஸிலேயே தெரியும். இரண்டடுக்கு உடம்பு, திசை உள்ள உடம்பு, குடல் குழாய் உள்ள உடம்பு, மூன்றும் ஒரே ஹார்லிக்ஸ் பாட்டிலில்.

பங்காளிக் கணக்கு

இங்கே ஒரு எச்சரிக்கை, புதிதாக வருகிறவர்கள் அத்தனை பேரும் விழுகிற இடம் இது. ஹைட்ராவிலிருந்து புழு வந்தது, புழுவிலிருந்து மீன் வந்தது என்று ஏணி போட்டுவிடாதீர்கள். ஹைட்ரா நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. நாம் எத்தனை கோடி ஆண்டுகளாக மாறி வந்தோமோ அத்தனை ஆண்டுகளாக அதுவும் மாறி வந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் பொதுவான பாட்டன் எப்போதோ போய்விட்டான்.

போன பாட்டனைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது? நம் ஊர்ப் பழக்கத்தையே வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு ஊரில் இருக்கிற இரண்டு பங்காளி வீட்டிலும் ஒரே குலதெய்வம் என்றால், அது அவர்கள் பிரிவதற்கு முன், பாட்டன் காலத்திலிருந்தே வந்தது என்று சொல்லிவிடலாம். ஒரு வீட்டில் மட்டும் இருக்கிற வழக்கம் பிரிந்த பிறகு வந்திருக்கலாம், அல்லது மற்ற வீட்டில் விட்டுப்போயிருக்கலாம். உயிரியலிலும் இதே கணக்குதான். ஹைட்ராவிடமும் நம்மிடமும் நரம்பு செல் இருக்கிறது. அப்படியானால் பொதுப் பாட்டனிடமும் இருந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு வீடும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்க வேண்டும். எது என்று முடிவு செய்ய மற்றப் பங்காளிகளையும் கேட்க வேண்டும்.

விலங்குகள் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கிற மிக நெருங்கிய பங்காளி வீடு கோயனோஃபிளாஜெல்லேட் என்கிற ஒருசெல் உயிரி. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூட இருக்காது, அதனால் நம் லென்ஸில் தேட வேண்டாம், படம் பாருங்கள். ஒரு செல், அதற்கு ஒரு சாட்டை, சாட்டையைச் சுற்றி இழைகளாலான ஒரு கழுத்துப்பட்டை. சாட்டை அடித்துத் தண்ணீரை இழுக்க, பாக்டீரியா பட்டையில் சிக்க, தின்றுவிடும்.

இப்போது பஞ்சுயிரிக்கு வாருங்கள், பாடப்புத்தகத்தில் துளையுடலி என்று படித்தது இதைத்தான். கடலில் மட்டும் இல்லை, நன்னீரிலும் உண்டு. ஏரித் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் குச்சியிலும் கல்லிலும் பச்சையாகவோ பழுப்பாகவோ சொரசொரப்பான படலமாகப் பிடித்திருக்கும், உற்றுப் பார்த்தால் துளைகள் தெரியும். கோடையில் தண்ணீர் இறங்கியதும் அதே குச்சியில் காய்ந்து நொறுங்கிக் கிடக்கும், உள்ளே கசகசா மாதிரி உருண்டைகள் இருக்கும். வறட்சியைத் தாண்டுவதற்கான மொட்டுகள் அவை, காகிதப் பொட்டலத்தில் எடுத்து வந்து ஏரித் தண்ணீரில் போட்டால் சில நாளில் முளைக்கும். ஒன்று கவனம், இதன் எலும்புக்கூடு நுண்ணிய கண்ணாடி ஊசிகளால் ஆனது, கையால் தேய்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கக் கூடாது, அரிப்பு தாங்காது.

பஞ்சுயிரிக்குள்ளே தண்ணீரை இழுக்கிற செல்களைப் பார்த்தால் அதே சாட்டை, அதே கழுத்துப்பட்டை. 1860-களிலேயே ஹென்றி ஜேம்ஸ் கிளார்க் இந்த ஒற்றுமையைக் கவனித்துவிட்டார். 2008-இல் மோனோசிகா என்ற கோயனோஃபிளாஜெல்லேட்டின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது அதைவிட ஆச்சரியமான விஷயம் கிடைத்தது. விலங்குகளின் உடம்பில் செல்லோடு செல் ஒட்டிக்கொள்ளப் பயன்படுகிற கேடெரின் வகைப் புரதங்களுக்கான மரபணுக்கள் இந்தத் தனிச் செல்லிலும் இருந்தன. ஒட்டிக்கொள்ள உடம்பே இல்லாத செல்லுக்கு அது எதற்கு? இரையைப் பிடிக்கவோ எங்காவது ஒட்டவோ பயன்பட்டிருக்கலாம். நம் முதல் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது, உடம்பு கட்டுவதற்கான சாமான்களில் பல, வீடு கட்டுவதற்கு வெகு காலம் முன்பே கையில் இருந்தன. இதன் உறவான சால்பிங்கோயிகா என்பது பூப்போல வட்டமாகச் சேர்ந்தும் வாழும். அப்படிச் சேர்வதற்கு ஒரு பாக்டீரியா வெளியிடும் கொழுப்புப் பொருள்தான் தூண்டுகோல் என்று உயிரியலாளர் நிக்கோல் கிங்கின் ஆய்வகம் 2012-இல் காட்டியது. உடனே விலங்குகளும் பாக்டீரியாவால்தான் தோன்றின என்று தாவிவிடாதீர்கள், ஒரு பங்காளி வீட்டில் நடப்பது அது.

சேர்வது என்றால் என்ன என்பதற்கு எனக்குப் பிடித்த சோதனை எச். வி. வில்சன் 1907-இல் வெளியிட்டது. கடற்பஞ்சை மெல்லிய பட்டுத் துணி வழியாகப் பிழிந்து செல் செல்லாகப் பிரித்துத் தண்ணீரில் விட்டார். அந்தச் செல்கள் ஊர்ந்து போய் ஒன்றையொன்று கண்டுபிடித்து, சேர்ந்து, மறுபடியும் பஞ்சாகிவிட்டன. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, பங்காளிகளில் முதலில் தனிக்குடித்தனம் போனது யார்? பஞ்சுயிரி என்றுதான் ரொம்ப நாளாகச் சொன்னார்கள். இல்லை, கடலில் மின்னுகிற சீப்பு ஜெல்லிதான் என்று ஒரு தரப்பு சொல்கிறது. 2023-இல் குரோமோசோம்களில் மரபணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை ஒப்பிட்டு வந்த ஆய்வு சீப்பு ஜெல்லி பக்கம் நின்றது. விவாதம் இன்னும் ஓயவில்லை. சீப்பு ஜெல்லிக்கு நரம்பு உண்டு, பஞ்சுயிரிக்குக் கிடையாது என்பதால் இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை, நரம்பு ஒருமுறை தோன்றியதா இரண்டு முறையா என்பதே இதில் தொங்குகிறது.

அப்புறம்தான் புதைபடிவம்

இவ்வளவும் ஆன பிறகு படிவங்களுக்குப் போங்கள். முதலில் எடியகாரா, பிறகு கேம்பிரியன், அடுத்தடுத்து வந்த இரண்டு காலங்களின் பெயர்கள் இவை.

தெற்கு ஆஸ்திரேலியாவின் எடியகாரா குன்றுகளில் 1946-இல் ரெக் ஸ்பிரிக் மென்மையான உடம்புகளின் அச்சுகளைக் கண்டார். இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில் 1956-இல் டீனா நீகஸ் என்ற பள்ளிச் சிறுமி பாறையில் இலை போன்ற ஒரு வடிவத்தைப் பார்த்து ஆசிரியரிடம் சொன்னாள். அந்தப் பாறை அவ்வளவு பழையது, அதில் படிவம் இருக்க முடியாது என்று பதில் வந்தது. மறுவருடம் ரோஜர் மேசன் என்ற மாணவன் அதையே பார்த்தான், அது ஆய்வாளர்களிடம் போய்ச் சேர்ந்து சார்னியா என்று பெயர் பெற்றது. இவற்றில் டிக்கின்சோனியா என்று ஒன்று, தட்டையான, வரிவரியான முட்டை வடிவம். இது பூஞ்சையா, பாசியா, விலங்கா என்று பல காலம் தெரியவில்லை. 2018-இல் ரஷ்யாவின் வெண்கடல் பகுதியில் கிடைத்த சுமார் 55.8 கோடி ஆண்டுப் படிவத்தில் கொலஸ்டிரால் வகைக் கொழுப்பின் எச்சத்தையே பிரித்தெடுத்துவிட்டார்கள், அது விலங்கின் கையெழுத்து.

கேம்பிரியன் சுமார் 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. அதன் எல்லையைக் குறிப்பது ஓடோ எலும்போ இல்லை, கடலடி மண்ணில் ஏதோ ஒரு புழு குடைந்துபோன தடம். சீனாவின் செங்ஜியாங் படிவங்கள் சுமார் 51.8 கோடி ஆண்டு, 1984-இல் தெரியவந்தவை. கனடாவின் பர்ஜஸ் ஷேல் சுமார் 50.8 கோடி ஆண்டு, 1909-இல் வால்காட் கண்டது. பர்ஜஸில் அனோமலோகாரிஸ் கதையை மட்டும் கட்டாயம் தேடிப் படியுங்கள். கொடுக்கு தனியாகக் கிடைத்தபோது இறால் என்றார்கள், வாய் தனியாகக் கிடைத்தபோது ஜெல்லிமீன் என்றார்கள். 1985-இல்தான் விட்டிங்டனும் பிரிக்ஸும் எல்லாம் ஒரே வேட்டை விலங்கின் உறுப்புகள் என்று காட்டினார்கள். இந்தக் காலத்தில் பல வகை விலங்குகள் படிவங்களில் தோன்றுவதைக் கேம்பிரியன் வெடிப்பு என்பார்கள், பெயரைக் கேட்டு ஒரே நாளில் நடந்ததாக நினைக்க வேண்டாம், கோடிக்கணக்கான ஆண்டுகள் எடுத்தது.

கண்ணை நம்புவதற்கு முன்

கடைசியாக ஒரு பயிற்சி. 2021-இல் மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகையின் கூரையில் டிக்கின்சோனியா கிடைத்துவிட்டது என்று ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. இந்தியாவிலேயே கிடைத்துவிட்டது என்று நானும் துள்ளினேன், பத்து பேருக்கு அனுப்பினேன். இரண்டு ஆண்டுக்குள் வேறொரு குழு அங்கே போய்ப் பார்த்தது. அந்த அடையாளம் உரிந்துபோக ஆரம்பித்திருந்தது, அது பாறைக்குள் இல்லை, மேலே ஒட்டியிருந்தது. கட்டிவிட்டுப் போன மலைத்தேனீக் கூட்டின் மிச்சம். முதலில் அறிவித்தவர்களும் தவறை ஒப்புக்கொண்டார்கள்.

மலைத்தேனீ நமக்குப் புதிதா? ஏற்காட்டில் உயரமான பாறை முகங்களில் அடை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், தேனீக்கள் போன பிறகு பாறையில் மெழுகுக் கறை தங்கும். அடுத்தமுறை போகும்போது எட்ட நின்றே, தேனீ இல்லாத பழைய கறை ஒன்றைப் படம் எடுங்கள். எட்டுகிற இடத்தில் இருக்கும் லைக்கன் படலத்தையும் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து பாறையில் படர்வது) எடுங்கள், அதற்குப் பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய்க் காசை வைத்து. வீட்டுக்கு வந்து டிக்கின்சோனியா படத்தை அருகில் வைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: இது பாறைக்குள் இருக்கிறதா, மேலே ஒட்டியிருக்கிறதா? பாறையின் வயது எத்தனாவது வளைவு? அதே வடிவத்தை இன்றைக்கு உயிரோடு இருக்கிற எதுவாவது உண்டாக்குமா? பதிலை நோட்டில் அந்த 20 வளைவுக் கோட்டுக்குக் கீழே, தேதியோடு எழுதி வையுங்கள்.